உக்ரைனில் ஒயினா? வார்சாவிலிருந்து வந்த கேள்விக்குக் கொஞ்சம் நீண்ட பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வார்சாவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்கிறார்: "இங்கே கடையில் உக்ரைன் ஒயின் பாட்டில்கள் பார்த்தேன். பனி கொட்டுகிற நாட்டில் திராட்சை எப்படி விளையும்? அது வோட்கா குடிக்கிற ஊர் இல்லையா? போர் நடக்கிறதே என்று இரக்கப்பட்டு ஒன்று வாங்கலாமா, இல்லை நிஜமாகவே குடிக்கிற மாதிரி இருக்குமா?"

வாங்கலாம். இரக்கத்துக்கு அவசியமே இல்லை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் அதே பெயரில் சர்க்கரைப் பாகு மாதிரி ஒன்றும் வரும், ஒரு வாய் குடித்துவிட்டுப் பேச்சை நிறுத்த வைக்கிற மாதிரி ஒன்றும் வரும். நான் ஒடெசாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்தவன். முதல் மூன்று வருடம் முதல் வகையை மட்டும் குடித்துவிட்டு, இந்த ஊருக்கு ஒயினே வராது என்று எல்லோரிடமும் அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். அதனால் உங்கள் சந்தேகம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதலில் வரைபடத்தை எடுங்கள். உக்ரைன் என்றதும் நமக்குக் கண்ணில் வருவது கீவ், கார்கிவ், முழங்கால் வரைக்கும் பனி. திராட்சை அங்கே இல்லை (இப்போது கீவ் பக்கத்திலும் சிலர் போடுகிறார்கள், அது வேறு கதை). திராட்சை தெற்கே, கருங்கடல் ஓரத்தில், ஒடெசா, மிக்கோலாயிவ், கெர்சோன் வட்டாரங்களில். ஒடெசா 46-வது அட்சரேகையில் இருக்கிறது. பிரான்சின் பேர்போன ஒயின் வட்டாரங்களில் போர்தோ 45-ஐ ஒட்டி, பர்கண்டி 47-ஐ ஒட்டி. இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறோம். கோடையில் வெயில் பிளக்கும், மழை குறைவு, கடற்காற்று விடாமல் வீசும், இலையில் ஈரம் தங்காது, பூஞ்சாண நோய் அவ்வளவாக வராது. அப்புறம் 'லிமான்' என்று அவர்கள் சொல்லும் கழிமுகங்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டு அடைத்துக்கொண்டு பரந்து தேங்கிக் கிடக்கும் நீர். பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இலையுதிர் காலம் வரை மெல்ல மெல்ல விடும். நல்ல தோட்டங்கள் பெரும்பாலும் இப்படி ஒரு லிமானையோ ஏரியையோ பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

பிரச்சினை குளிர்காலம்தான். சில வருடங்கள் மைனஸ் 20 வரை இறங்கிவிடும், கொடி செத்துப்போகும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி கொடியைப் புதைப்பது. இலை உதிர்ந்ததும் கவாத்து செய்து, கொடியைத் தரையோடு படுக்க வைத்து, மேலே மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிடுவார்கள். வசந்தம் வந்ததும் தோண்டி எடுத்துக் கம்பியில் கட்டுவார்கள். இது நேற்று வந்த உத்தியும் இல்லை. இரண்டாயிரம் வருடம் முன்பு கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, கெர்ச் நீரிணைப் பக்கத்து மக்கள் குளிர்காலத்தில் திராட்சைக் கொடியின் மேல் மண்ணைக் குவித்துப் புதைத்து வைக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். நான் அதைப் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்திருந்தேன், அக்டோபர் கடைசியில் ஒரு கிராமத்தில் மண்வெட்டியோடு ஒரு குடும்பமே வரிசையாகக் குனிந்து நின்று, ஏதோ நல்லடக்கம் செய்கிற மாதிரி. இப்போது பெரிய தோட்டங்களில் குளிர் தாங்கும் ரகங்களை நட்டு இந்த வேலையைக் குறைத்துவிட்டார்கள், கூலிக்கு ஆளும் கிடைப்பதில்லை.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. உக்ரைன் என்றால் கறுப்பு மண், 'செர்னோசெம்', உலகத்திலேயே கொழுத்த மண்களில் ஒன்று என்று எல்லோருக்கும் தெரியும். கோதுமைக்கு அது வரம், நல்ல ஒயினுக்கு இடைஞ்சல். கொழுத்த மண்ணில் கொடி இலையாய்த் தழைத்து, குலை குலையாய்த் தண்ணீர்ப் பழம் காய்க்கும். கொடி கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும், அப்போதுதான் பழம் சிறுத்து, சாறு கெட்டியாகும். அதனால் இங்கே பேர்போன இடங்கள் எல்லாம் கோதுமை விவசாயி வேண்டாம் என்று ஒதுக்கிய இடங்கள்: மணல், சுண்ணாம்புக்கல், கடலோர மேட்டுச் சரிவு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. இந்த ஒயின் அநேகமாக முழுக்க வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் கை. ஒருவர் நட்டதை அடுத்தவர் எடுத்து நடத்தி, அவரும் போய், மூன்றாமவர் வந்து என்றே போயிருக்கிறது. கிரேக்கர்கள் வந்தபோது மிக்கோலாயிவ் பக்கம் ஒல்பியா, நீஸ்தர் ஆற்றின் வாயில் தீராஸ், கிரிமியாவில் கெர்சோனேசஸ் என்று ஊர் கட்டினார்கள். கெர்சோனேசஸைச் சுற்றி நூற்றுக்கணக்கான நீள்சதுர மனைகளாக நிலத்தைப் பிரித்து, அவற்றில் பெரும்பாலானவற்றில் திராட்சை போட்டிருந்தார்கள். அந்த மனைகளின் எல்லைச் சுவர்கள் இன்னும் தெரிகின்றன. 2013-ல் யுனெஸ்கோ அந்த நகரத்தோடு வயல்களையும் சேர்த்தே உலகப் பாரம்பரியப் பட்டியலில் எடுத்தது. அடுத்த வருடமே அந்த இடம் உக்ரைன் கையை விட்டுப் போனது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

எனக்கு மிகப் பிடித்த கதை ஷாபோ. ஒடெசாவிலிருந்து தென்மேற்கே, நீஸ்தர் லிமானுக்கு அந்தக் கரையில் உள்ள கிராமம். துருக்கியர் காலத்தில் அதன் பெயர் 'அஷா-அபாக்', கீழ்த்தோட்டம் என்று பொருள், அதுதான் மருவி ஷாபோ. 1812-ல் ரஷ்யப் பேரரசு துருக்கியரிடமிருந்து பெசராபியாவை, அதாவது ஷாபோ இருக்கும் இந்த வட்டாரத்தை, பிடித்தது. இருந்தவர்கள் நிறையப் பேர் கிளம்பிப் போய்விட்டார்கள், தோட்டம் பாழ். ஆள் வேண்டும். ஜார் முதலாம் அலெக்சாந்தர் குடியேற விரும்புகிறவர்களுக்குச் சலுகை கொடுத்தார். 1822-ல் சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்திலிருந்து லூயி வின்சென்ட் தார்தான் என்கிற தாவரவியல்காரர் தலைமையில் சில குடும்பங்கள் குதிரை வண்டிகளில் கிளம்பி, மாதக்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்ந்தன. பிரெஞ்சு பேசுகிற, மலைச் சரிவில் திராட்சை போட்டுப் பழகிய ஆட்கள், சமதரையில், மணலில், கடல் ஓரத்தில். எப்படித்தான் முதல் குளிர்காலத்தைத் தாண்டினார்களோ. தாண்டினார்கள், நூறு வருடத்துக்கு மேல் இருந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு பெசராபியா ருமேனியாவுக்குப் போனபோதும் இருந்தார்கள். 1940-ல் சோவியத் படை நுழைந்தபோதுதான் பெரும்பாலோர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு அது சோவியத் பண்ணை. 2003-ல் ஜார்ஜியாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பம் வாங்கி, பழைய நிலவறைகளைச் சீர்செய்து, இன்றைய ஷாபோ நிறுவனத்தை உண்டாக்கியது. ஆக, துருக்கியர் தோட்டம், சுவிஸ் நிலவறை, ஜார்ஜியர் முதலீடு, வேலை செய்கிறவர்கள் உக்ரைனியரும் மால்டோவரும் பல்கேரியரும். இதில் எது 'அசல்' உக்ரைன் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

அந்த மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 19-ம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஃபில்லாக்சரா என்கிற பூச்சி, அசுவினிக்கு உறவு, அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து ஐரோப்பாவின் திராட்சை வேர்களை எல்லாம் தின்று தீர்த்தது. மருந்து எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அமெரிக்கக் கொடியின் அடிச்செடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் பிழைத்தார்கள், இன்றுவரை உலகத்தில் பெரும்பாலான ஒயின் திராட்சை ஒட்டுச்செடிதான். ஆனால் அந்தப் பூச்சிக்கு மணல் ஆகாது, அதில் வளை போட்டு நகர முடியாது. அதனால் ஷாபோ மணலில் சொந்த வேரிலேயே நிற்கிற முதிய கொடிகள் மிஞ்சியிருக்கின்றன. ஐரோப்பாவில் இது அபூர்வம். அங்கே விளையும் ஒரு பழைய ரகத்துக்கு 'தெல்தி குருக்' என்று பெயர், துருக்கிய மொழியில் நரிவால், குலை நீண்டு வளைந்து அப்படித்தான் இருக்கும். வெள்ளை ஒயின். இந்த வட்டாரத்தைத் தாண்டி வேறெங்கும் பெரிதாகக் கிடையாது. பெயரை நினைவில் வையுங்கள்.

கிரிமியாவைச் சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். பிரபு வொரொன்சோவ் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்கரையில் தோட்டங்கள் போட்டார், 1828-ல் மகராச் திராட்சை ஆராய்ச்சி நிலையம் வந்தது, பிறகு இளவரசர் லெவ் கொலீத்சின் நோவி ஸ்வித் ஊரில் நுரைக்கும் ஒயின் செய்து 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பிரெஞ்சுக்காரர்கள் முகத்துக்கு நேராகவே பெரும்பரிசு வாங்கினார். ஜாருக்காக யால்டா பக்கத்தில் மலையைக் குடைந்து கட்டிய மசாந்திரா நிலவறை, அதில் பத்து லட்சம் பாட்டில் அளவுக்குச் சேகரிப்பு, ஆகப் பழையது 1775-ம் வருடத்து ஸ்பானிய ஷெர்ரி. 1941-ல் ஜெர்மன் படை நெருங்கியபோது அந்தச் சேகரிப்பை அப்புறப்படுத்திக் காப்பாற்றி, போர் முடிந்த பின் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2014-ல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டதோடு எல்லாம் போயிற்று. 2015-ல் புதினும் இத்தாலியின் பெர்லுஸ்கோனியும் அங்கே போனபோது அந்த 1775 பாட்டில் ஒன்றைத் திறந்ததாகச் செய்தி வந்தது, கீவில் அரசு வழக்கறிஞர்கள் அதற்கு ஒரு வழக்கே போட்டார்கள். உள்ளே இருந்தது குடிக்கிற மாதிரி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

கிரிமியாவில் உண்மையிலேயே பழமையானவை இந்த இளவரசர்களின் மாளிகை ஒயின்கள் இல்லை, சுதாக் பள்ளத்தாக்கில் தாத்தார்கள் (துருக்கிய வகை மொழி பேசும் உள்ளூர் முஸ்லிம்கள்) வளர்த்து வைத்திருந்த ரகங்கள்: கோகுர், சாரி பந்தாஸ், எக்கிம் காரா. 1944 மே மாதம் ஸ்டாலின் அரசு கிரிமியத் தாத்தார்களை ஒட்டுமொத்தமாக ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியபோது, எந்தக் கொடியை எப்போது கவாத்து செய்வது என்று தெரிந்த கைகளும் அந்த ரயிலிலேயே போய்விட்டன.

சோவியத் காலத்தில் ஒயின் என்றால் டன் கணக்கு. எவ்வளவு பழம், எவ்வளவு லிட்டர் என்பதுதான் கேள்வி, ருசி பற்றி யாரும் கேட்கவில்லை. தெருவில் ஓடியது 'போர்ட்வெயின் 777', மூன்று ஏழு என்று செல்லமாகச் சொல்வார்கள், சாராயம் கலந்து பலமாக்கிய மலிவான இனிப்பு ஒயின், போர்ச்சுகலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இன்னொரு பக்கம் 'சோவியத் ஷாம்பெயின்'. தொழிலாளிக்கும் புத்தாண்டுக்கு ஒரு பாட்டில் நுரை ஒயின் என்று 1930-களில் தீர்மானித்து, அதற்காக பாட்டிலுக்குப் பதில் பெரிய உருக்குத் தொட்டிகளில் நொதிக்க வைத்து ஆலை கணக்கில் இறக்கினார்கள். அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. உக்ரைனில் புத்தாண்டு நள்ளிரவு மேசையில் ஒலிவியே சாலட், மாண்டரின் ஆரஞ்சு, 'ஷாம்பான்ஸ்கே' மூன்றும் இல்லாமல் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி ஷாம்பெயின், கோன்யாக் போன்ற பெயர்களை விட்டுவிடப் பத்து வருட அவகாசம் கொடுத்தார்கள். லேபிளில் மாறிவிடும். வாயில் மாறுமா என்பது சந்தேகம்.

இதில் ஒரு விதிவிலக்கு பாக்முத். ஆம், செய்தியில் கேட்ட அதே பாக்முத், கிழக்கே தோன்பாஸில். அங்கே திராட்சையே விளையாது. ஆனால் ஜிப்சம் வெட்டி எடுத்த பழைய சுரங்கம் இருந்தது, சுமார் 72 மீட்டர் ஆழத்தில், வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சி. 1950-ல் அங்கே நுரை ஒயின் ஆலை தொடங்கினார்கள், அதுவும் தொட்டியில் இல்லை, பிரெஞ்சு முறையில் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்து, மாதக்கணக்கில் அடுக்கி, பாட்டிலைக் கையால் திருப்பித் திருப்பி வண்டலைக் கழுத்துக்கு இறக்குகிற முறை. மூல ஒயின் தெற்கிலிருந்து வந்தது. ஊருக்கு அப்போது ஆர்த்தெமிவ்ஸ்க் என்று பெயர், 2016-ல் பழைய பெயர் பாக்முத் திரும்பியதும் ஆலை தன்னை 'ஆர்ட்வைனரி' என்று ஆக்கிக்கொண்டது. அந்தச் சுரங்கத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1942 தொடக்கத்தில் நாஜிகள் அந்த ஊர் யூதர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளே தள்ளிச் சுவர் எழுப்பி அடைத்துக் கொன்ற இடம் அது. ஒயின் அடுக்குகளுக்கு நடுவே ஒரு நினைவுச் சுவர் இருந்தது, சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் அங்கே நின்றுவிட்டுத்தான் ருசி பார்க்கும் அறைக்குப் போவார்கள். 2023 மே மாதத்துக்குள் ஊரே இடிபாடாகி ரஷ்யப் படையின் கைக்குப் போய்விட்டது.

சரி, கோர்பச்சேவ். 1985-ல் மதுவிலக்கு மாதிரி ஒரு இயக்கம் கொண்டுவந்தார். வோட்காவைக் குறைப்பதுதான் நோக்கம். மேலிடத்தில் போட்ட உத்தரவு கீழே இறங்க இறங்க அதிகாரிகளுக்கு வேகம் கூடி, திராட்சைத் தோட்டங்களை வேரோடு பிடுங்க ஆரம்பித்தார்கள். உக்ரைனில் மட்டும் பல பத்தாயிரம் ஹெக்டேர் போயிற்று. மகராச் நிலையத்தின் இயக்குநர் பாவெல் கொலொத்ரிகா, நோய் தாங்கும் ரகங்களை உருவாக்குவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர், தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. 1986-ல் தற்கொலை செய்துகொண்டார்.

மக்கள் என்ன செய்தார்கள்? வீட்டில் காய்ச்சினார்கள், வீட்டில் ஒயின் போட்டார்கள். நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டி கடைசிவரை போட்டுக்கொண்டுதான் இருந்தார். முற்றத்துப் பந்தலில் இசபெல்லா திராட்சை, செப்டம்பரில் பறித்து, கையால் நசுக்கி, இருபது லிட்டர் கண்ணாடி ஜாடியில் விட்டு, ஜாடி வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டிவிடுவார். நொதிக்க நொதிக்க வாயு ஏறி அந்தக் கையுறை ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு எழுந்து நின்று கையசைக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கோர்பச்சேவுக்கு வணக்கம்'. கை தொய்ந்து விழுந்தால் ஒயின் தயார். பாட்டிக்குக் கையுறை சப்ளை நான்தான், அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி கிடைத்த வருடம் எனக்கு வாடகை கூட ஏறவில்லை.

இசபெல்லா நமக்கும் தெரிந்த பழம்தான், பெங்களூர் புளூ என்கிறோமே, அதேதான். அந்தக் கடும் வாசனை ஒயினிலும் அப்படியே இருக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதில் ஒயின் செய்து விற்கவும் முடியாது, அதனால் வார்சா கடையில் தேடாதீர்கள். அப்புறம் ஒடெசாவின் பிரிவோஸ் சந்தையில் ஒரு நாள் கறுப்புத் திராட்சை வாங்கி வாயில் போட்டவுடன் அப்படியே கம்பம் பள்ளத்தாக்கு நினைவுக்கு வந்தது. என்ன ரகம் என்று கேட்டால் மஸ்கட் ஹாம்பர்க் என்றார் விற்கிற அம்மா. நம் பன்னீர் திராட்சையும் அதே ரகம் என்று பிறகுதான் தெரிந்தது.

1991-க்குப் பிறகு நல்லது நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. கூட்டுப்பண்ணைகள் சிதறின, நிலம் யாருக்கு என்று பல வருடம் தெரியவில்லை, கொடிக்கு வயதாயிற்று. ஆலைகள் சர்க்கரையைக் கொட்டின. ஒயினில் என்ன குறை இருந்தாலும் சர்க்கரை மூடிவிடும், மக்களுக்கும் அதுவே பழக்கம். கடையில் போய் நின்றால் வரிசை வரிசையாக 'நாபிவ்சோலோத்கே', அதாவது பாதி இனிப்பு. அதனால்தான் என் முதல் மூன்று வருடம் வீணாயிற்று. மக்களும் உள்ளூர் ஒயினை நம்பவில்லை, எல்லாம் 'பொடி ஒயின்', ஏதோ பவுடரைத் தண்ணீரில் கரைத்து விற்கிறார்கள் என்று படித்தவர்களே சத்தியம் பண்ணுவார்கள். அது கட்டுக்கதை. மட்டமான ஒயின் செய்ய யாருக்கும் பொடி தேவைப்படவில்லை.

சின்ன அளவில் நேர்மையாகச் செய்ய நினைத்தவனுக்குச் சட்டமே எதிரி. மொத்த விற்பனை உரிமத்துக்கு மட்டும் வருடத்துக்கு 5 லட்சம் ஹ்ரிவ்னியா. பெரிய ஆலைக்கும் அதே தொகை, இரண்டாயிரம் பாட்டில் போடுகிறவனுக்கும் அதே தொகை. அதனால் நல்ல ஒயின் செய்தவர்கள் பலர் சட்டப்படி பார்த்தால் கள்ளச்சந்தைக்காரர்கள், நண்பர்களுக்கு லேபிள் இல்லாமல் கொடுப்பார்கள். 2018-ல் சொந்தப் பழத்தில் ஒயின் செய்கிறவர்களுக்கு இந்தச் சுமையைக் குறைத்துச் சட்டத்தை மாற்றினார்கள். நீங்கள் இன்று கடையில் பார்க்கும் சின்ன லேபிள்கள் பல அதற்குப் பிறகுதான் வெளியே தலைகாட்டின. கிரிமியா போனதும் ஒரு விதத்தில் தள்ளிவிட்டது: அதுவரை நல்ல உக்ரைன் ஒயின் என்றால் கிரிமியா என்றிருந்தது, இப்போது ஒடெசாக்காரன் தன் மண்ணைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

அவர்களில் முன்னோடி 'கொலோனிஸ்ட்', குடியேறியவன் என்று பெயரே வைத்துக்கொண்டார்கள். பெசராபியாவில் யால்பூ ஏரிக்கரையில், பல்கேரியர்கள் குடியேறிய கிரினிச்னே கிராமத்தில், முன்னாள் எரிசக்தி அமைச்சர் இவான் பிளாச்கோவ் தன் பூர்வீக ஊரிலேயே தொடங்கினார். அடுத்து 'பெய்குஷ்', மிக்கோலாயிவ் வட்டாரத்தில் ஒச்சாக்கிவ் பக்கம், ஒரு முனையில் மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த மேடு. சோதனைக்கு அஞ்சாத ஆட்கள், இத்தாலியின் திமொராசோ, ஸ்பெயினின் அல்பரீனியோ, ஜார்ஜியாவின் சப்பெராவி என்று எதை எதையோ நட்டுப் பார்த்து, பலவற்றை ஜெயித்தும் காட்டியவர்கள்.

மேற்கே கார்பாத்திய மலைக்கு அந்தப் பக்கம் சகார்பாத்தியா தனி உலகம். கடல் இல்லை, எரிமலைப் பாறைச் சரிவு, சில ஊர்களில் பேச்சே ஹங்கேரிய மொழி. ஒரு பழைய வேடிக்கை உண்டு: தாத்தா ஆஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்து, செக்கோஸ்லோவாக்கியாவில் படித்து, ஹங்கேரியில் கல்யாணம் செய்து, சோவியத்தில் வேலை பார்த்து, உக்ரைனில் ஓய்வூதியம் வாங்குகிறார், கிராமத்தை விட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. பெரெகோவேயில் ஃபுர்மின்ட் மாதிரி ஹங்கேரிய ரகங்கள், வீட்டுக்கு வீடு நிலவறை. முகாச்செவோவில் ஜனவரிக் குளிரில் சிவப்பு ஒயினுக்கென்றே விழா எடுப்பார்கள். 2013 விம்பிள்டனில் ரோஜர் பெடரரை வீழ்த்தினாரே செர்ஹி ஸ்தகோவ்ஸ்கி, அவருடைய தோட்டமும் இந்த வட்டாரத்தில்தான். 2022-ல் மட்டையையும் ஒயினையும் வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்துக்கொண்டு கீவுக்குப் போனவர்.

ரகங்களில் ஒன்றைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், 'ஒதெஸ்கி சோர்னி', ஒடெசாக் கறுப்பு. ஒடெசாவில் 1905-ல் வாசில் தயிரோவ் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இன்றும் இருக்கிறது, அங்கே 1948-ல் அலிகாந்த் பூஷேயையும் கேபர்னே சோவின்யோனையும் கலந்து உருவாக்கிய ரகம். சாதாரணமாகக் கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் சாறு வெளிறித்தான் வரும், சிவப்பு நிறம் தோலில் ஊற வைத்து எடுப்பது. இந்த ரகத்துக்குச் சதையே சிவப்பு. நசுக்கினால் கை நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிடும். சோவியத் ஆலைகள் இதை வெளிறிய ஒயினுக்கு நிறம் ஏற்றவே பயன்படுத்தின. தனியாக, விளைச்சலைக் குறைத்து, ஓக் பீப்பாயில் வைத்து எடுத்தால் என்ன ஆகும் என்று இப்போதுதான் செய்து பார்க்கிறார்கள்: புளிப்புச் செர்ரி, காய்ந்த பிளம், கொஞ்சம் மிளகு, நல்ல துவர்ப்பு. ஸ்லோவாக்கியாவிலும் இதை நடுகிறார்கள், அங்கே பெயர் அலிபெர்நெத். அதே நிலையத்தின் வெள்ளை ரகம் சுகோலிமான்ஸ்கி, சார்டனேயையும் பிளாவாய் என்கிற உள்ளூர்க் கொடியையும் கலந்தது, ஒடெசா பக்கத்து ஒரு லிமானின் பெயர். லேசாக, சுத்தமாக இருக்கும். என்னைக் கேட்டால் இது கொஞ்சம் அடக்கமானது, ஒடெசாக் கறுப்பில் இருக்கிற திமிர் இதில் இல்லை.

2022-க்குப் பிறகு? கெர்சோன் பக்கம் இளவரசர் துருபெத்ஸ்கோய் 1896-ல் தொடங்கிய தோட்டம் ஒன்று நீப்பர் கரையில் இருந்தது, மாளிகையோடு. ஆக்கிரமிப்பில் சூறையாடப்பட்டு, படை பின்வாங்கிய பிறகு ஆற்றுக்கு இந்தக் கரை போர்முனையாகி, மாளிகை சிதைந்தது. 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்ததில் அந்தத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த நீர்ப்பரப்பே வற்றிப்போனது. பெய்குஷுக்கு எதிரே தெரியும் கின்பர்ன் மணல்திட்டை 2022-ல் ரஷ்யப் படை பிடித்துக்கொண்டது, குண்டு விழும் தூரத்தில்தான் கவாத்தும் அறுவடையும். எத்தனையோ தோட்டங்களில் முதலில் கண்ணிவெடி எடுக்கிறவர் நடக்க வேண்டும், பிறகுதான் டிராக்டர். கண்ணாடி பாட்டில் ஆலை அடி வாங்கியதில் பாட்டிலுக்கே தட்டுப்பாடு வந்தது. இதற்கு நடுவில்தான் அவர்கள் ஏற்றுமதி என்று யோசிக்கத் தொடங்கி, போலந்துக் கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். முதலில் பின் லேபிளைப் பாருங்கள். 'சுகே' என்று இருந்தால் இனிப்பில்லாதது, அதை எடுங்கள். 'நாபிவ்சோலோத்கே' என்று இருந்தால் வைத்துவிடுங்கள், பிறந்தநாள் கேக்கோடு வேண்டுமானால் பார்க்கலாம். அடுத்து, ரகத்தின் பெயர் போட்டிருக்கிறதா, அறுவடை வருடம் இருக்கிறதா, எந்த ஊர் என்று இருக்கிறதா. மூன்றும் இருந்தால் செய்தவனுக்கு மறைக்க ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கேபர்னே, மெர்லோ எல்லாம் வேண்டாம், மோசம் என்று இல்லை, அதை எங்கேயும் வாங்கலாம். சிவப்பு என்றால் ஒடெசாக் கறுப்பு, திறந்து அரைமணி நேரம் வைத்துவிட்டு, மாட்டுக்கறியோ காரம் குறைந்த மட்டன் வறுவலோ இருந்தால் நல்லது. வெள்ளை என்றால் யோசிக்காமல் தெல்தி குருக், பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் குளிர்வித்து. ஒடெசாவில் அதற்குத் 'தூல்கா' என்கிற விரல் நீளக் கடல் மீனை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுப்பார்கள், கிட்டத்தட்ட நம் நெத்திலிதான். வார்சாவில் நெத்திலிக்கு எங்கே போவீர்கள் என்று தெரியும், 'ஷ்பிரோத்' என்று கேளுங்கள், உறைய வைத்தது கிடைக்கும். எலுமிச்சையை மட்டும் பிழியாதீர்கள், அந்த வேலையை ஒயின் பார்த்துக்கொள்ளும்.